கடைசி வரிசைச் சிரிப்பு

அது புது இயக்குநரின் முதல் படம். அந்தக் காலத்து நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தை வைத்து எடுத்த நகைச்சுவைப் படம். பிரிவியூ காட்சியில், திரையில் காரின் சக்கரம் கழன்று ஓடியது. கதாநாயகன் சேற்றில் குப்புற விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரை மணி நேரத்தை வெட்டிடுப்பா," என்றார் தயாரிப்பாளர்.

"ரசிக்கத் தெரிஞ்சவரைக் கேட்டுட்டு வரேன் சார்," என்று இயக்குநர் பின்னால் ஓடினார்.

சிரித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒரு சீனைக்கூட வெட்டாதீங்க தம்பி. இப்படியே விட்டுடுங்க," என்றார்.

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தயாரிப்பாளரிடம் மன்றாடி, வெட்டாமலே வெளியிடச் சம்மதம் வாங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் தியேட்டர் மேனேஜரிடம் பெருமையாகக் கேட்டார்.

"யாருங்க அந்த ரசிகர்?"

"அவரா? உங்க படம் வர்ற அன்னிக்கே அவர் எடுத்த படமும் ரிலீஸ் சார்."