பிள்ளைபிடிகாரி

"மறுபடியும்," என்றார் ஹோர்வாத்.

சந்திரவதனா பொம்மைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு மேடை ஓரத்துக்குப் போனாள். மத்தியானத்திலிருந்து இதே பாடுதான். ஜன்னலால் உள்ளே வரவேண்டும், தொட்டிலில் கிடக்கும் பெரிய வீட்டுப் பிள்ளையைத் தூக்கவேண்டும், ஓடவேண்டும். திரை விழும். ஒரு சொல் பேசத் தேவையில்லை. இந்தச் சின்ன அலுவலில் அந்த மனுசன் அப்படி என்ன பிழை கண்டாரோ, அதையாவது வாய் திறந்து சொல்லித் தொலைக்கிறாரா என்றால் அதுவும் இல்லை.

சிட்னியின் லிட்கம் பகுதித் தேவாலய மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாடகம் ஐரோப்பாவில் எப்போதோ எழுதப்பட்டது. ஒரு நாடோடி ஜிப்சிப் பெண் பிள்ளையைத் திருடி, பிடிபட்டு, சிறையில் செத்துப்போகிற கதை. நாடகத்தை இயக்கும் ஹோர்வாத் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஹங்கேரியிலிருந்து கப்பலேறி சிட்னிக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து இந்த ஒரே நாடகத்தைத்தான் மேடையேற்றுகிறாராம், ஒவ்வொரு முறையும் புதுப் புது ஜிப்சியை வைத்து. சனம் விரும்பிப் பார்க்கிறது, அவர் போடுகிறார் என்று மற்ற நடிகர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சந்திரவதனாவுக்கு அதெல்லாம் தேவையில்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மேடையே கதி என்று கிடந்தவள் அவள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளை நடிக்கக் கேட்ட முதல் ஆள் ஹோர்வாத்தான். இதை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? இன்று பொழுது சாய்வதற்குள் இந்தக் காட்சி சரிவராவிட்டால் பிரெண்டாதான் ஜிப்சி என்று அவர் வந்தவுடனேயே சொல்லிவிட்டார். பிரெண்டா வெள்ளைக்காரி. முகத்தில் பூசுவதற்கு மண்ணிறக் களிம்பு டப்பாவை மடியில் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் காத்திருந்தாள்.

தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில் புருஷன் விக்னராஜா மேடையடிக்கு வந்தார். அவளைக் கூட்டிப்போக வந்து, பின்வரிசையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனுசன்.

"விட்டிட்டு வாரும் சந்திரா. உம்மட நிறத்தைப் பாத்துத்தான் கூப்பிட்டவை. இப்ப அதுவும் போதாதாம்."

"கொஞ்சம் பொறுங்கோ. இதைச் சரியாச் செய்யாமல் நான் வீட்டை வரமாட்டன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜிப்சிகளை அவள் எங்கே கண்டாள்? ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் வாசித்ததுதான். அந்தக் கதைகளில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றில் கோழி திருடினார்கள், அல்லது பிள்ளை திருடினார்கள். ஊரிலும் சின்ன வயதில் சோறு தீத்தும்போது, சாப்பிடாவிட்டால் குறத்தி வந்து சாக்குக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்று வெருட்டியிருக்கிறார்கள். சரி, அந்தக் குறத்தியையே காட்டுவோம் என்று துணிந்தாள்.

பதுங்கிப் பதுங்கி வந்தாள். கண்ணை உருட்டினாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள். பிள்ளையை ஒற்றைக் கையால் பறித்துப் போர்வைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். பிரெண்டாவே தன்னை மறந்து கைதட்டினாள்.

ஹோர்வாத்தின் முகம் இன்னும் இறுகியது. "கடைசித் தடவை," என்றார்.

சந்திரவதனாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று ஜன்னலால் இறங்கினாள். நடிப்பது பற்றி அவள் யோசிக்கவேயில்லை. தொட்டிலில் ஒரு பிள்ளை கிடந்தது. நாடகத்தின்படி வெளியே பனி கொட்டுகிறது, நல்ல இருட்டு. இரண்டு பெற்று வளர்த்தவளின் கை தன்பாட்டில் வேலை செய்தது. பிடரிக்குக் கை கொடுத்து மெல்லத் தூக்கினாள். போர்வைத் தலைப்பால் தலையை மூடினாள். தன் கண்மையை விரல் நுனியில் தொட்டு, வெளியே கொண்டுபோகிற பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். பிறகுதான் ஓடினாள்.

மேடை ஓரத்துக்குப் போன பிறகுதான் உறைத்தது. அட கடவுளே, எந்தக் கள்ளி தான் களவெடுக்கிற பிள்ளைக்குப் பொட்டு வைப்பாள்?

பிரெண்டா வாய்விட்டுச் சிரித்தாள். விக்னராஜா தலையைக் குனிந்துகொண்டார். ஹோர்வாத் எழுந்து மேடைக்கு ஏறி வந்தார். அது எங்கள் ஊர்ப் பழக்கம், கை தவறிச் செய்துவிட்டேன், இன்னும் ஒரேயொரு முறை விடுங்கள் என்று சந்திரவதனா கெஞ்சினாள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. பிரெண்டா டப்பாவோடு எழுந்தாள். அவர் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார்.

பொம்மையை வாங்கி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்திரவதனா அதை அழிக்கப் போனபோது கையைத் தடுத்தார்.

"அழிக்க வேண்டாம். அவள் இப்படித்தான் தூக்கியிருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருத்திகூட இப்படித் தூக்கவில்லை."

"யார்? அந்தக் கள்ளியா?"

"அவள் கள்ளி இல்லை. அரசாங்கம் அவளுடைய கூடாரத்துக்குள் புகுந்து பிள்ளையைப் பறித்து, அந்தப் பெரிய வீட்டில் வளர்க்கக் கொடுத்தது. பெற்றவள் தன் பிள்ளையைத் திரும்ப எடுக்கப் போனாள். பொலிஸ் திருட்டு என்றது. பத்திரிகை அப்படியே எழுதியது. பத்திரிகையைப் பார்த்து ஒருவன் நாடகம் எழுதினான்."

இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சந்திரவதனா கேட்டாள்.

"எதிலும் இல்லை," என்றார் ஹோர்வாத். "அந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளை நான்தான்."