பால் பாக்கெட் வரும்வரை

அந்த வீட்டில் எந்தச் சண்டைக்கும் மறுநாள் காலைப் பால் பாக்கெட் வரும்வரைதான் ஆயுள். சண்டை ஓய்ந்ததும் அகரனும் பூவிழியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் சிப்பை விரலால் அழுத்தி, அந்த நினைவுக்குக் கெடு வைத்துவிடுவார்கள். விடிந்தால் இருவர் தலையிலும் அது இருக்காது. இவர்களைப் போல ஒற்றுமையான ஜோடி உண்டா என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

நேற்றைய சண்டைக்கு அகரன் வழக்கம்போலக் கெடு வைத்தான். பூவிழி வைக்கவில்லை.

காலையில் அவன் விசிலடித்தபடி பால் எடுக்க வந்தான். வாசலில் பெரிய பெட்டி நின்றது. பூவிழி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, காலங்காத்தால ஊருக்கா?"

"அம்மா வீட்டுக்கு."

"சொல்லவே இல்லையே! எப்போ திரும்பி வருவே?"

அவன் முகத்தில் துளிக்கூடக் கள்ளமில்லை. பூவிழி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரமாட்டேங்க. நேத்து நீங்கதானே வீட்டை விட்டுப் போன்னு சொன்னீங்க."

"நானா?" அவன் மனசாரச் சிரித்தான். "சும்மா விளையாடாதே. பெட்டி கனமா இருக்கும்போல. கொடு, கீழே வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன்."