இடது பக்கக் கண்ணாடி

சிக்னலில் சிவப்பு மாற இன்னும் எண்பத்தேழு நொடி இருந்தது. அப்போதுதான் கணக்கு வாத்தியார் தன் மனைவியின் கண்ணாடியைப் பார்த்தார்.

அதில் வேறொரு பெண்ணின் முகம் தெரிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த மீசைக்காரரின் தோளுக்கு மேல் எட்டி, இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்து, காற்றில் அவிழ்ந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கண்ணாடியின் மூலையில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. இது என்னுடையது என்று வாத்தியாரின் மனைவி வைத்த புள்ளி. ஏழு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலிலேயே வாத்தியாரின் வண்டியிலிருந்து காணாமல் போன கண்ணாடி.

திருடன் யார் என்று கண்டுபிடிப்பதில் வாத்தியாருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அந்த ரக வண்டி ஊரில் இரண்டே இரண்டுதான். ஒன்றின் மேல் அவரே உட்கார்ந்திருக்கிறார். மிச்சம் ஒன்று. இதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கே அதிகம்.

இன்னொன்று இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இத்தனைக்கும் வண்டியைச் செய்வதே இந்த ஊரில்தான். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வாத்தியார் வீட்டுச் சமையலறையில் கேட்கும். ஆனால் செய்கிற வண்டி அத்தனையும் நேரே கப்பலேறிவிடும். உள்ளூர்க்காரன் வாசலில் போய் நின்றால், "எல்லாம் வெளிநாட்டுக்குங்க, வேணும்னா நின்னு பாத்துட்டுப் போங்க" என்பார் காவலாளி.

வாத்தியாரின் வண்டி அங்கே உருவாகி, கடல் தாண்டிப் போய், வெளிநாட்டில் வேலை பார்த்த மச்சினன் ஊர் திரும்பியபோது அவனுடைய சாமான்களோடு கப்பலில் வந்து சேர்ந்தது. ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று மாதம்.

உதிரிபாகமும் அப்படித்தான். கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கேட்டால், அருகிலுள்ள கடை என்று ஒரு வெளிநாட்டு விலாசம் வரும். வேறு வண்டிக் கண்ணாடியை வாங்கி மாட்டலாம் என்றால் மரை பொருந்தாது.

கண்ணாடி போனதிலிருந்து மனைவி பின்னால் ஏறுவதில்லை. பஸ்ஸில் போகிறாள். போதாக்குறைக்கு வீட்டில் கொண்டை ஊசிகள் வேறு மாதத்துக்கு இரண்டு மூன்று மாயமாகின. கொண்டையைக் குத்தவும் வழியில்லை, குத்தியது கோணலா நேரா என்று பார்க்கவும் வழியில்லை என்றால் எந்த மனுஷிதான் காற்றில் வருவாள்?

"ஏங்க, லாரி! ஏங்க, நாய்!" என்று தோளைப் பிடித்து உலுக்க ஆளில்லாமல் வாத்தியாருக்கு வண்டி ஓட்டுவதே வெறுத்துப் போயிருந்தது. ஏழு மாதமாக மனுஷன் ஏங்கிப் போய்க் கிடக்கிறார், உள்ளதைச் சொல்வதற்கென்ன.

இன்று விடுவதாக இல்லை.

சிக்னலில் நாற்பத்தொன்று. தொண்டையைச் செருமினார். வகுப்பில் கடைசி பெஞ்சை எழுப்பும் குரலை வரவழைத்தார்.

"சார், அந்தக் கண்ணாடி..."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். கை தட்டி, டாங்கின் மேல் எப்போதும் குறுக்கே வைத்திருக்கும் சாப்பாட்டுப் பை நழுவித் தொப்பென்று ரோட்டில் விழுந்தது.

மீசைக்காரர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் முகத்தையும் பார்க்கவில்லை. டாங்கைப் பார்த்தார்.

வாத்தியாரின் டாங்க் நீலம். அதன் பெட்ரோல் மூடி பச்சை.

மீசைக்காரரின் டாங்க் பச்சை. அதன் வாயில் ஒரு ஜாம் பாட்டில் மூடி, அதற்கு மேல் பாலிதீன் கவர், அதைச் சுற்றி ரப்பர் பேண்ட்.

போன வருஷம் வாத்தியார் தன்னுடைய மூடியைப் பெட்ரோல் பங்க்கில் தொலைத்திருந்தார். மழைக்காலம் வேறு. ஆஸ்பத்திரி வாசலில் தன் வண்டியைப் போலவே ஒரு வண்டி, பூட்டாத மூடியோடு நின்றபோது கை சும்மா இருக்குமா? கொண்டுவந்து தன் டாங்கில் வைத்து அழுத்தியதும் டக்கென்று பூட்டிக்கொண்டது. சாவிதான் இல்லை.

இருபத்தாறு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடன் என்று கத்தலாம்தான். கத்தினால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவி ஒன்றைக் கழற்றினார்.

"மூடி போனப்புறம் இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்களே வச்சுக்குங்க சார்."

வாத்தியார் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது? கண்ணாடி என்ற சொல் அதற்கு மேல் வாயில் வரவே இல்லை.

பின்னாலிருந்த பெண் குனிந்து பார்த்தாள். மூடியின் சாவித் துவாரத்தைச் சுற்றி ஏகப்பட்ட கீறல். அவள் பார்வை அங்கிருந்து மெல்ல வாத்தியாரின் சட்டைப் பைக்கு ஏறியது. பேனாவுக்கும் சாக்பீஸுக்கும் நடுவில் ஒரு கொண்டை ஊசி, முனை வளைந்து, தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அதான் சாவி வந்துடுச்சே, இனிமே அது எதுக்கு சார் உங்களுக்கு? குடுங்க."

கொடுத்தார்.

அவள் அதைப் பல்லால் கடித்து நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்த்து, கொண்டையில் குத்திக்கொண்டாள். நேராகத்தான் இருந்தது.

பச்சை விழுந்தது. மனைவியின் கண்ணாடியும் மனைவியின் ஊசியும் வலது பக்கம் திரும்பிப் போயின.