ஊரை எழுப்பிய வண்டி

“பூனைதான் மாமா. வண்டி சீட்டு மேல ஏறிருச்சு” என்றாள் இனியா, மூச்சு வாங்க.

கட்டிலில் படுத்திருந்த ஆத்மநாதன் கண்ணைத் திறக்காமலே, “வெரட்டி விட்டியா?” என்று கேட்டார். தலைக்கு மேல் விசிறி ஓடியும் மாமனாருக்கு வேர்த்திருந்தது.

“விட்டுட்டேன் மாமா.”

“ம்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அலாரத்தை அலறவிட்டதே இனியாதான்.

அவள் கணவன் சிவபிரகாஷ் சிங்கப்பூர் போகுமுன், பைக்கை யாரும் திருடிவிடக் கூடாதென்று அந்த அலாரத்தைப் பொருத்திவிட்டுப் போனான். போனவனுக்கு நிம்மதி, இருக்கிறவர்களுக்குத்தான் தொல்லை. தெருவில் லாரி போனால் அலறும். கோயிலில் வெடி போட்டால் அலறும். ஆடு வந்து உரசினால் கேட்கவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு முத்துமாரியம்மாளின் கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அவள் தெருவில் நின்று சிங்கப்பூர் வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசுவாள். ரிமோட்டில் நாலு பொத்தான், எல்லாம் ஒரே மாதிரி. அவசரத்தில் எதை அமுக்கினாலும் சத்தம் கூடுமே தவிரக் குறையாது.

அப்பேர்ப்பட்ட வண்டியோடு இனியா மல்லுக்கட்டியதற்குக் காரணம் இருந்தது. நர்சிங் படித்தவள். அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை டூட்டி ஆறு மணிக்கு. ஆனால் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்த அந்த ஊருக்கு முதல் பஸ் வருவதே ஏழு மணிக்கு மேல்தான்.

மாமனாரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “பஸ்ஸு கெடையாது. தெனம் யாரு கொண்டுபோயி விடுறது? எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. வேணாம்த்தா” என்று முடித்துவிட்டார். சிவபிரகாஷும் போனில், அப்பா சொல்வதைக் கேள் என்று நழுவிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான், மாமனார் மதியம் கண்ணயர்ந்ததும், வீட்டுக்குப் பின்னாலிருந்த கண்மாய்க்கரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தாள். படிக்கிற காலத்தில் தோழி ஷர்லியின் ஸ்கூட்டரை ஓட்டிய பழக்கம் கைகொடுக்கும் என்று நம்பினாள். கொடுக்கவில்லை. வண்டி ஒரு குதி குதிக்கும், நின்றுபோகும். நின்ற கொஞ்ச நேரத்தில் அலாரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். அது தெரியாமல் ஹேண்டில்பாரை அசைத்தால் போதும், கண்மாயில் நிற்கிற கொக்கெல்லாம் பறக்கும். எப்படியோ அமர்த்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவாள். ஒரு நாள் பூனை, ஒரு நாள் ஆடு, இன்னொரு நாள் தென்னமட்டை விழுந்தது என்று பழி போய்க்கொண்டே இருந்தது.

ஒரு புதன்கிழமை ரிமோட் செத்துப்போனது. எந்தப் பொத்தானுக்கும் அலாரம் அடங்கவில்லை. அலறுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டே இனியா வீட்டுக்கு வந்தாள். வாசலில் முத்துமாரியம்மாள் நின்று, மனுசர் குடியிருப்பதா வேண்டாமா என்று ஆத்மநாதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் நேராக வண்டியிடம் போனார். பேட்டரி ஒயரைப் பிடுங்கிச் சத்தத்தை அடக்கினார். மருமகளிடம் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இனியாவுக்கு.

சாயங்காலம் மகனிடம் அவர் போனில் பேசியது அடுப்படிவரைக்கும் கேட்டது. “இந்த வண்டியால ஊருக்கே தொல்லையாப் போச்சுப்பா. நாளைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் மறுவேல.”

மறுநாள் காலையில் யாரோ ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவர் ஓட்ட, ஆத்மநாதன் பின்னால் உட்கார்ந்துகொள்ள, வண்டி போய்விட்டது. எங்கே போகிறோம் என்று இனியாவிடம் சொல்லவில்லை.

விற்கத்தான் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் சத்யா கூப்பிட்டார். வருகிறாயா இல்லையா, நாளைக்குள் சொல்லிவிடு, இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்றார். “நாளைக்குச் சொல்றேங்க்கா” என்று இனியா போனை வைத்தாள். அவ்வளவு நாளும் விழுந்து எழுந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பைக் சத்தம் கேட்டது. அதே ஆள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நடந்து போனார். ஆத்மநாதன் வண்டியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

“அலாரத்தக் கழட்டியாச்சு. மெக்கானிக்கு பிரேக்கையும் சரி பண்ணிக் குடுத்துட்டாரு” என்றவர், சாவியை இனியாவின் கையில் வைத்தார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, “மாமா, நான் ஒங்கக்கிட்ட ஒண்ணு சொல்லணும்...” என்று தொடங்கினாள்.

“நாளைக்கு எல்.எல்.ஆர். போட்டுருவோம், ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு சொல்லிரு” என்றார் ஆத்மநாதன். “கிளட்ச்ச மட்டும் பட்டுனு விட்டுறாதத்தா. தெனம் கண்மாய்க்கரைக் கருவமரத்து மறைவுல நின்னு பாக்குற எனக்கு நெஞ்சு பக்குபக்குங்குது.”