மூன்றாவது பாஸ்வேர்டு

"அப்பா, தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தன் நம்ம வூட்டுக்குள்ள நுழையறான், தெரியுமா உங்களுக்கு?"

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய சிங்காரவேல், செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் எழில்மதி கேட்டுவிட்டாள். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, லீவில் வந்திருந்தாள்.

"எவன்? எந்த வாசல் வழியா?"

"இந்த வாசல் வழியா."

குவார்ட்டர்ஸின் முன்னறை மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

வீடுகளுக்கு இன்டர்நெட் வராத 1998-இல் சிங்காரவேல் அதில் ஒரு புல்லட்டின் போர்டு தொடங்கினார். கம்ப்யூட்டரிலிருந்து அவர் வீட்டு ஃபோன் நம்பருக்கு அழைத்தால் மோடம் எடுக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வந்து, செய்தி எழுதலாம், படிக்கலாம். ஒரு காலத்தில் நாற்பது பேர் வந்தார்கள். இப்போது தினமும் ஆறு மணிக்கு ஒரே பெயர்தான் வருகிறது: வெள்ளைச்சாமி. நிலக்கரி மைன்ஸில் சிங்காரவேலுக்கு சீனியர். ரிட்டயர் ஆகிக் கம்மாபுரம் போய்விட்டவர்.

"வெள்ளைச்சாமி பெரியப்பா பேர்ல வேற எவனோ வரான்ப்பா. பாஸ்வேர்டு கேக்கறதுக்கு நீங்க போட்டிருந்த ஆட்-ஆன் ப்ரோகிராம் 1997-ல செஞ்சது. 2000 பொறந்ததே அதுக்குத் தெரியாது, இது எந்த வருசம்னு கேட்டா 2025-க்குப் பதிலா 19125-ங்குது! எதை அடிச்சாலும் கதவைத் தொறந்து விட்டுடுது."

"ம்."

"என்ன ம்? யார் யார் எப்ப வந்தாங்கன்னு லாகைப் பாத்தேன். திங்கக்கிழமை 'வீராயி'ன்னு அடிச்சிருக்கான். பெரியம்மா பேரைக்கூடக் கண்டுபுடிச்சிருக்கான் பாருங்க! செவ்வாய்க்கிழமை 'மைன்ஸ்2'. நேத்து 'பக்கெட்'. நிஜமான ஆளு தெனம் ஒரு பாஸ்வேர்டு அடிப்பாரா? எவனோ ஊகிச்சு ஊகிச்சு அடிக்கறான்."

"நீ எதுவும் தொடலியே?"

"தொடாம? அதைச் செஞ்சவங்களே 1999-ல ஓட்டையை அடைச்சுப் புதுசு விட்டிருக்காங்க. இருபத்தாறு வருசமா நீங்க போடவே இல்ல. மத்தியானம் நான் போட்டுட்டேன். பழசை அழிச்சாச்சு."

சிங்காரவேல் சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"இப்ப தப்பா அடிச்சா?"

"மூணு தடவை பாக்கும். அப்புறம் லைன் கட். அந்தப் பேரையே பூட்டிடும்."

"எழிலு, பழசைத் திரும்பப் போடும்மா. ஆறு மணிக்குள்ள போட்டாகணும்."

"ஏன்?"

"மொதல்ல போடு. அப்புறம் கேளு."

பீரோவின் மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கித் தரையில் கவிழ்த்தார். ஃப்ளாப்பிகள் சிதறின. ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து வீசினார்.

"வந்ததும் வராததுமா என்னத்த உருட்டிக்கினு இருக்கீங்க?" சமையலறையிலிருந்து மனைவி மலர்கொடி குரல் கொடுத்தாள். "ஆறு மணிக்கு வர்றவரு மேல இருக்கிற அக்கறையில பாதி இந்தக் காப்பி மேல இருக்கட்டும். ஆறிக்கினு இருக்கு."

ஐந்து ஐம்பது. பழைய ஆட்-ஆன் இருந்த ஃப்ளாப்பி கிடைத்தது. சொருகினார். டிரைவ் கரகரவென்று இழுத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி சொருகினார். மறுபடியும் அதே கரகரப்பு. எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

"இவ்ளோ பயம்னா மோடத்தைப் புடுங்கிப் போட்டுடலாமே?"

"புடுங்கினா, ஏன் எடுக்கலைன்னு ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாரு."

"ஹேக்கருக்கு என்னப்பா மரியாதை, தூங்க மாட்டாருன்னு?"

அவர் ஃப்ளாப்பியை வெளியே எடுத்து ஊதினார். மூன்றாவது முறை சொருகினார். டிரைவ் சத்தம்கூடப் போடவில்லை.

சரியாக ஆறு மணிக்கு மோடம் கீச்சிட்டது.

திரையில் வெள்ளைச்சாமி என்ற பெயர் விழுந்தது. பிறகு பாஸ்வேர்டு: 'நிலக்கரி'.

தவறு.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு: 'கன்வேயர்'.

தவறு.

"பாத்தீங்களா!" எழில்மதி கைதட்டினாள். "இன்னும் ஒண்ணுதான். அய்யா அவுட்டு!"

மூன்றாவது தடவை ஓர் எழுத்து வந்தது. அழிந்தது. இரண்டு எழுத்துகள் வந்தன. அழிந்தன. மறுபடி ஒன்று வந்து, அப்படியே நின்றுவிட்டது.

சிங்காரவேல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். போர்டை நடத்துகிறவர் இங்கே அடிப்பதும், அழைக்கிறவர் அங்கே அடிப்பதும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். நின்றிருந்த எழுத்தை அழித்தார். தனக்குத் தெரிந்த வெள்ளைச்சாமியின் பாஸ்வேர்டைக் கடகடவென்று அடித்து என்டர் தட்டினார்.

கதவு திறந்தது.

"அப்பா! திருட்டுப் பயலுக்கு நீங்களே தொறந்து விடறீங்களா?"

"சத்தம் போடாத. படி."

ஆங்கில எழுத்தில் தமிழ், திரையில் எறும்பு ஊர்வதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வந்தது:

"தம்பி, மொத ரெண்டு தடவ கை தவறிடிச்சி, அவ்ளோதான். எனக்கு எல்லாம் மறந்துபோச்சின்னு இந்த வூட்ல யாரோ ஒரு அம்மா அழுதுகினே இருக்காங்க. நீயே சொல்லு, இத்தினி வருசத்துல ஒரு நாளாவது நான் பாஸ்வேர்டு மறந்திருக்கேனா?"