கணேஸ்வரன் தலைக்கு வந்த யோகம்

“அசையாம உக்காருங்க” என்று அதட்டிவிட்டு, தேவமலர் மகளின் பழைய பள்ளிக்கூட ஸ்கேலைக் கணவரின் உச்சந்தலையில் நிறுத்தி அளந்தாள். ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. கணேஸ்வரன் பட்டாபிஷேகத்துக்கு உட்கார்ந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

புலாவ் செபாங்கிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். ஐம்பத்திரண்டு வயதில் மனைவி கையால் இப்படி ஒரு உபசாரம் கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தேவமலர் அவர் தலையில் கை வைத்ததெல்லாம் குட்டுவதற்குத்தான்.

போன ஆகஸ்டில் டெங்கிக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வீடு திரும்பிய இரண்டாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. கவலைப்படாதீர்கள், தானாக முளைக்கும் என்றார் டாக்டர். கூட வேலை செய்யும் டிரைவர்களோ, அவர் தொப்பியைக் கழற்றினால் கண் கூசுகிறது என்றார்கள்.

உயிர் தப்பியதை ஒரு வாரத்தில் மறந்துபோன மனிதருக்கு முடி போனதை மட்டும் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை இரவு, புக்கிட் பெருவாங்கில் பழைய பள்ளி நண்பர்கள் ஒன்றுகூடும் விருந்து. அதற்கு நகுலன் வருகிறான்.

நகுலன் பள்ளியிலிருந்தே வாய்க்கொழுப்பு பிடித்தவன். காடாய் வளர்ந்த தன் முடியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘கணேசு, உன் தலையில ஏதாச்சும் மிச்சம் இருக்கா லா?’ என்று கேட்டிருந்தான். நாற்பத்தேழு பேர் சிரித்திருந்தார்கள். இந்தத் தலையோடு அங்கே போவதைவிட டெங்கியிலேயே போயிருக்கலாம் என்று கணேஸ்வரன் வீட்டில் புலம்பினார்.

மறுநாளே தேவமலர் மலாய்க்காரர் கடையிலிருந்து ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்துவிட்டாள். வாரம் இரண்டு தடவை அதை லேசாகச் சூடு பண்ணி, விரல் நுனியால் வேர்க்கால் வரை தேய்த்து, வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி அரைமணி நேரம் உட்காரவைத்தாள். மகள் அகல்யா ஆசையாக உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி ஆயிற்று. அந்த எண்ணெய் அப்பா தலைக்கு மட்டும்தானாம்.

எண்ணெயின் மகிமையோ, டெங்கியே பாவம் பார்த்து விட்டுக்கொடுத்ததோ, முடி முளைத்தது. அதுவும் கருகருவென்று முளைத்தது. கணேஸ்வரன் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஆலிவ் எண்ணெய் பற்றி உபதேசம் செய்ய ஆரம்பித்தார்.

காதோரம் மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம் என்று ஒருநாள் குகனின் முடிவெட்டும் கடைக்குப் போனார். எப்படித்தான் தெரிந்ததோ, தேவமலர் கடைக்கே வந்து, போர்த்திய துணியோடு அவரை எழுப்பினாள். ஒரு முடிகூடக் கீழே விழக்கூடாது என்று குகனுக்கும் சேர்த்து எச்சரிக்கை விழுந்தது. கடைசி ஒரு மாதம் வீட்டில் மீனும் நின்றுபோனது. மீன் சூடு, முடிக்கு ஆகாது என்றாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர், நகுலன் முகத்தை நினைத்துக்கொண்டு ரசத்தைக் குடித்தார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. காலையிலேயே குளித்து, புது பாத்தேக் சட்டை போட்டு, முடியைப் பின்னால் தள்ளிச் சீவினார். அன்றைக்கு மாசி மகம் என்பதால் முதலில் கோயிலுக்குப் போய்வரலாம் என்றாள் தேவமலர். அதற்கென்ன, முருகனும் ஒருதடவை பார்க்கட்டுமே என்று கிளம்பினார். காரை நிறுத்திய கையோடு நகுலனுக்கு, ‘ராத்திரி வா, பாத்துக்கலாம்’ என்று ஒரு செய்தியும் தட்டிவிட்டார்.

மலையடிவாரத்தில் ஊரே திரண்டிருந்தது. தேவமலர் சீட்டு வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது கணேஸ்வரன் கார்க் கண்ணாடியில் குனிந்து வகிடு சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இவளை எத்தனை நாள் சிடுமூஞ்சி என்று திட்டியிருப்போம் என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

“மலர், வேற ஒருத்தியா இருந்தா, போனது போவட்டும்னு விட்டிருப்பா. நீ என் முடிக்காக அஞ்சு மாசமா இப்படி மெனக்கெட்டிருக்க.”

தேவமலருக்குக் கண் கலங்கிவிட்டது. “நாள் தவறாம வளர்ந்துருச்சுங்க. எனக்கு அது போதும்” என்று அவர் முடியைக் கடைசித் தடவையாகக் கோதிவிட்டு, சீட்டைக் கையில் வைத்தாள்.

அர்ச்சனைச் சீட்டுதானே என்று விரித்துப் பார்த்தார். மொட்டை போடும் கொட்டகையின் வரிசை எண் அதில் இருந்தது.

“மலர்… இன்னிக்கு ராத்திரி டின்னர் லா. என் முடி…”

“அது உங்க முடி இல்லீங்க. நீங்க டெங்கில கிடந்தப்பவே முருகனுக்கு நேந்து விட்டாச்சு.”