சுவரில் ஒரு வெறும் ஆணி

“அந்த ஆளோட சான்றிதழை எடுத்து மேசைமேல வைங்க. இப்பவே!”

லிஃப்ட்காரர் அடித்த அடியில் மேசையிலிருந்த விசில்கள் துள்ளித் தரையில் விழுந்தன. கால்பந்து கிளப்பின் செயலாளர் அவற்றைப் பொறுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிர அவசரப்படவில்லை.

லிஃப்ட்காரர் என்றால் பொத்தானை அமுக்கி மாடிக்கு ஆள் ஏற்றுகிறவர் அல்ல. பழுது பார்க்கிறவர். அரசாங்க உரிமம் வாங்கி இருபது வருடம் ஆகிறது. உரிமம் இல்லாத எவனையும் தன் ஸ்பேனரைக்கூடத் தொட விடமாட்டார்.

அந்த உரிமத்தின் மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் அடியில் ஆறு இலக்க உரிம எண்ணையும் எழுதிவிடுவார். மகளின் மதிப்பெண் அட்டையிலும் எழுதுவார். நேற்று ராத்திரி ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுதியதைப் பார்த்து, அது என்ன எண் என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள்.

ஒரே மகள். பன்னிரண்டு வயது.

நேற்றுச் சாயங்கால ஆட்டத்தில் தலைப்பந்துக்கு எகிறியபோது அவள் மண்டையும் இன்னொருத்தி மண்டையும் முட்டிக்கொண்டன. விழுந்தாள். எழுந்தாள். எழுந்தவள் எதிரணிப் பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். ஆடிய காலத்தில் பாதி மைதானத்திலிருந்தே கோல் போட்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பீரங்கி. பீரங்கி அவள் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார், கன்னத்தில் தட்டினார், “ஒண்ணுமில்ல, ஓடு” என்றார். கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பத்தாவது நிமிடம், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, அவள் தானாகச் சரிந்தாள்.

இப்போது பெயர் கேட்டால் சொல்கிறாள். அம்மாவை அடையாளம் தெரிகிறது. குடித்த தண்ணீர் மட்டும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் எதையும் சொல்லமுடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் மணிக்கு ஒருதரம் அவள் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

“அக்கா ஏன் இன்னும் என்னை வெளிய கூப்பிடல?”

“இவளுக்கு ஏதுங்க அக்கா?” என்று மனைவி அழுதாள். கால்பந்து அப்பா மகள் சமாச்சாரம். மனைவி மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. “எனக்கென்ன தெரியும், ஏதோ புலம்புறா” என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் நேராக இங்கே வந்துவிட்டார்.

“ஒரு லிஃப்டைத் தொடறதுக்கு உரிமம் கேக்கறாங்க சார்! என் பொண்ணு தலையைத் தொடறவன்கிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட கேக்க மாட்டீங்களா?”

வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினார். பீரங்கியின் பரம்பரையையே இழுத்தார். செயலாளரையும் விடவில்லை. காயப்போட்டிருந்த பனியன்கள் கொடியோடு அறுந்து விழுந்தன. சுவரை ஓங்கிக் குத்தினார். அவர் குத்திய இடத்துக்கு ஒரு சாண் மேலே ஒரு வெறும் ஆணி இருந்தது. அதைச் சுற்றி ஒரு சட்டம் அளவுக்குச் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது.

செயலாளர் அந்த ஆணியைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து பீரங்கியின் கோப்பை எடுத்தார்.

“சான்றிதழ் இல்ல சார். அதுக்குப் பதிலா இதுதான் இருக்கு. நீங்களே படிச்சுக்குங்க.”

ஒரு கடிதம். பீரங்கி வருவதற்கு முன்னால் பெற்றோர் இருபத்திரண்டு பேர் சேர்ந்து எழுதியது. லிஃப்ட்காரர் நின்றபடியே படித்தார்.

‘இப்போதுள்ள பயிற்சியாளர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்கலாம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார். ஆனால் அரையிறுதியில், தலை லேசாக இடித்துக்கொண்டது என்ற ஒரே காரணத்துக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண்ணை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். தோற்றோம். சான்றிதழ் கோல் போடாது. இந்த அம்மாளை அனுப்பிவிட்டு, ஆடத் தெரிந்த ஒருவரைப் போடுங்கள். அவரிடம் காகிதம் எதுவும் கேட்க வேண்டாம்.’

அச்சடித்தது போன்ற எழுத்து. லிஃப்ட் பராமரிப்பு அட்டையில் எழுதிப் பழகிய கை.

முதல் கையெழுத்துக்கு அடியில் ஆறு இலக்கம் இருந்தது.

வீடு வீடாகப் போய் மற்ற இருபத்தோரு கையெழுத்தும் வாங்கியவர் அவர்தான். ‘பேப்பர் மேடம்’ என்று அந்தப் பழைய பயிற்சியாளருக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். வீட்டில் சாப்பிடும்போதும் அந்தப் பெயர்தான், மகள் முகம் சுளித்தாலும் விடமாட்டார்.

செயலாளர் விசில்களை ஒவ்வொன்றாகக் கயிறு சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் லிஃப்ட்காரர் அவர் சட்டையைப் பிடித்திருப்பார். அதற்கும் வழியில்லை.

போன் அடித்தது. மனைவி.

“மறுபடியும் அதையே கேக்கறா. விடாம கேக்கறா. யோசிச்சுப் பாருங்க, யாரு அந்த அக்கா?”

அவர் யோசிக்கத் தேவையில்லை. நேற்று ராத்திரி மகள் முதல் தடவை கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்துப் பிள்ளைகள் ஒருவர்கூடப் பேப்பர் மேடத்தை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

“தெரியாதுன்னு சொன்னேன்ல!” என்று லிஃப்ட்காரர் போனில் கத்தினார்.